இன்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் இரண்டு: கைக்கெட்டும் ஸ்போர்ட்டி கார்களின் உள்கணக்கு

2012-ல் டொயோட்டா ஜிடி86 ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விவரப் பட்டியலில் ஒரு விநோதம் இருந்தது. கார் ஒன்றுதான். 2 லிட்டர் இன்ஜினும் 200 குதிரைத்திறனும் ஒன்றுதான். ஆனால் மேனுவல் கியர்பாக்ஸ் கார் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 7.6 விநாடியில் எட்டியது, ஆட்டோமேட்டிக் 8.2 விநாடி எடுத்துக்கொண்டது. சரி, ஆட்டோமேட்டிக் கொஞ்சம் மந்தம், அதனால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும் என்று நினைத்தால் அங்கே கணக்கு தலைகீழ். மேனுவல் கார் கிலோமீட்டருக்கு 181 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியிட, ஆட்டோமேட்டிக் 164 கிராமோடு நின்றது.

இரண்டிலும் ஆறு கியர்கள்தான். வித்தியாசம் அந்தக் கியர்களின் விகிதத்தில், அதாவது கியர்பாக்ஸ் வெளியே ஒரு சுற்று தர இன்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதில், இருக்கிறது. மேனுவலின் ஆறாவது கியர் விகிதம் 0.767. ஆட்டோமேட்டிக்கில் அது சுமார் 0.58. 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது மேனுவல் காரின் இன்ஜின் ஏறத்தாழ 2,650 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்றுகள்) சுழலும், ஆட்டோமேட்டிக்கில் 2,000-ஐ ஒட்டி. இன்ஜின் நிதானமாகச் சுற்றினால் எரிபொருள் மிச்சம். ஆனால் ஆறு கியர்களை அவ்வளவு அகலமாகப் பரப்பும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கூடிவிடும். இழுவை வேண்டிய இடத்தில் இன்ஜின் அதற்கு வசதியான சுழற்சியில் இருக்காது.

காரை விற்பவர்களும் வாங்குபவர்களும் குதிரைத்திறன் எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். பெரிய விலைகொண்ட சூப்பர் கார்களில் அது போதுமோ என்னவோ. 130-லிருந்து 280 குதிரைத்திறனுக்குள் அடங்கும் மலிவான ஸ்போர்ட்டி கார்களில் போதவே போதாது. இங்கே சக்தி குறைவு. இருப்பதை எந்த கியர்பாக்ஸ் எப்படிச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது என்பதுதான் காரின் குணத்தை முடிவு செய்கிறது. இன்ஜினைத் தனியாகவும் கியர்பாக்ஸைத் தனியாகவும் மதிப்பிடுவதில் அர்த்தமில்லை.

சுற்றினால்தான் சக்தி

குதிரைத்திறன் என்பது ஒரு பெருக்கல் கணக்கு. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை முறுக்கும் விசையான டார்க்கை (அளவு நியூட்டன் மீட்டர், சுருக்கமாக என்.எம்.), அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதோடு பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி கிடைக்கும். சக்தியைக் கூட்ட இரண்டே வழி: டார்க்கைக் கூட்டு, அல்லது அதே டார்க்கை இன்னும் வேகமான சுழற்சி வரைக்கும் தக்கவை.

டர்போ (புகைக்காற்றால் சுழன்று சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு முதல் வழி கிட்டத்தட்ட அடைபட்டது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுமோ, அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரியும். அதனால் லிட்டருக்கு 100 என்.எம். சுற்றுவட்டாரத்திலேயே டார்க் நின்றுவிடும். ஜிடி86-இன் 2 லிட்டர் இன்ஜின் 205 என்.எம். தந்தது. மஸ்டா எம்எக்ஸ்-5-இன் 1.5 லிட்டர் இன்ஜின் 150 என்.எம். தருகிறது. மிச்சமிருப்பது சுழற்சிதான்.

2018-ல் மஸ்டா செய்தது இதற்கு நல்ல உதாரணம். எம்எக்ஸ்-5-இன் 2 லிட்டர் இன்ஜினை 160 குதிரைத்திறனிலிருந்து 184-க்கு உயர்த்தினார்கள். டார்க் 200-லிருந்து 205 என்.எம்., அவ்வளவுதான். முக்கிய மாற்றம், இன்ஜினின் உச்ச வரம்பு 6,800 ஆர்பிஎம்மிலிருந்து 7,500-க்குப் போனது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முழுவதுமாக நின்று திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது ஏற்படும் விசை சுழற்சியின் வர்க்கமாக ஏறும். 6,800-லிருந்து 7,500 என்பது 10 சதவீத உயர்வு, ஆனால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மீதான சுமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எனவே பிஸ்டனிலும் ராடிலும் சில பத்து கிராம்களைக் குறைத்தார்கள், காற்று உள்ளே போகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் திருத்தினார்கள். எல்லாமே பணம்.

வேகமாகச் சுற்றும் இன்ஜின்கள் மலிவான கார்களில் அரிதாக இருப்பதன் காரணம் இதுதான். ஜிடி86-இல் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 86 மில்லிமீட்டர். 7,000 ஆர்பிஎம்மில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 20 மீட்டர். ஹோண்டா எஸ்2000 தன் 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு 9,000 வரை சுற்றியபோது அது 25 மீட்டரைத் தாண்டியது. அந்த ஐந்து மீட்டருக்குள் எவ்வளவு பொறியியல் அடங்கியிருக்கிறது என்பது அந்த இன்ஜினை மற்ற ஹோண்டாக்களில் பார்க்க முடியாததிலிருந்தே தெரியும்.

ஆனாலும் இந்தக் கலையைச் சாதாரண கார்களுக்குக் கொண்டுவந்த பெருமை ஹோண்டாவுடையதுதான். 1989-ல் இன்டெக்ரா காரில் விடெக் வந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்டில் இரண்டு விதமான மேடுகள்: குறைந்த சுழற்சியில் வால்வை அளவாகத் திறக்கும் மேடு ஒன்று, ஒரு எல்லைக்கு மேல் ஆயில் அழுத்தத்தால் பூட்டிக்கொண்டு வால்வை ஆழமாகவும் நெடுநேரமும் திறக்கும் மேடு இன்னொன்று. 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன், டர்போ இல்லாமல். கடைக்குப் போகும்போது சாது, 5,500-ஐத் தாண்டினால் வேறு இன்ஜின். இந்த இரட்டைக் குணத்தை ரசிக்க ஒரு நிபந்தனை உண்டு. கியர் மாற்றிய பிறகும் இன்ஜின் அந்த மேல் பகுதியிலேயே இருக்க வேண்டும். இங்கேதான் கியர்பாக்ஸ் கதைக்குள் வருகிறது.

விகிதங்கள் விட்ட குழி

மறுபடியும் ஜிடி86. மேனுவல் விகிதங்கள் 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. உச்ச வரம்பு 7,400 ஆர்பிஎம். முதல் கியரை 7,400 வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் சுழற்சி சுமார் 4,460-க்கு விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,210. மூன்றிலிருந்து நான்குக்கு 5,820. மேலே போகப் போக இடைவெளி சுருங்குகிறது, நல்ல வடிவமைப்பு.

பிரச்சினை என்னவென்றால் அந்த இன்ஜினில் 3,500-க்கும் 4,500-க்கும் நடுவே டார்க் பள்ளம் ஒன்று இருந்தது. அந்தப் பகுதியில் இழுவை சோர்ந்து, பிறகு எழும். உச்ச டார்க் 6,400-க்கு மேல்தான். எனவே முதல் கியரை முழுதாக இழுத்தால் பள்ளத்தின் விளிம்பில் இறங்குவீர்கள். 6,500-லேயே மாற்றிவிட்டால் 3,900, நேராகப் பள்ளத்தின் நடுவில். இந்தக் கார் சக்தி போதாதது என்று ஆயிரம் பேர் சொன்னதில் பாதி, உண்மையில் இந்தப் பள்ளமும் அந்த விகிதங்களும் சந்தித்துக்கொண்ட இடத்தைப் பற்றிய புகார் என்பது என் கருத்து. அடுத்த தலைமுறையான ஜிஆர்86-இல் 2.4 லிட்டர் இன்ஜின் வந்தது. உச்ச டார்க் 250 என்.எம்., அதுவும் 3,700 ஆர்பிஎம்மிலேயே. பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு. டர்போ வேண்டும் என்று பல வருடங்கள் கூச்சல் போட்டவர்களில் பலர் அதோடு அடங்கினார்கள்.

இன்னொரு கணக்கும் இந்த விகிதங்களில் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது கியரில் 7,400 வரை போனால் சுமார் 97 கி.மீ. வேகம். மைல் கணக்கில் 60, சரியாக. மைல் புழங்கும் நாடுகளின் பத்திரிகைகள் அளப்பது பூஜ்யத்திலிருந்து 60 மைல் வரை, அதற்குள் ஒரு கியர் மாற்றத்தை மிச்சம் பிடிக்கலாம். 2017-ல் அமெரிக்காவில் விற்ற மேனுவல் கார்களுக்கு ஃபைனல் டிரைவ் விகிதத்தை (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எல்லா கியர்களுக்கும் பொதுவான கடைசி விகிதம்) 4.1-லிருந்து 4.3-க்கு மாற்றினார்கள். எல்லா கியர்களும் ஐந்து சதவீதம் குட்டையாகி, கார் சுறுசுறுப்பானது. ஆனால் 60 மைலை எட்ட இப்போது மூன்றாவது கியர் வேண்டும். ஓட்டுவதற்கு நல்லது, பட்டியலில் போடும் எண்ணுக்கு அவ்வளவு நல்லதல்ல. இந்த இழுபறியில் பெரும்பாலான நிறுவனங்கள் எண்ணின் பக்கமே சாய்ந்துவிடும். டொயோட்டா சாயாதது ஆச்சரியம்தான்.

மூன்றாவது கியர் 138 கி.மீ. வரை போகும். பொதுச் சாலையில் சட்டத்துக்கு உட்பட்டு முழுச் சக்தியையும் அனுபவிக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டே முக்கால் கியர். அதனால்தான் 131 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் எம்எக்ஸ்-5-ஐ, 184 கொண்ட அண்ணனைவிட நான் ஒரு படி மேலே வைப்பேன். ஒரு டன் எடையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் காரில் சின்ன இன்ஜினை முழுதாக விரட்ட இடம் கிடைக்கிறது.

டர்போ ஏன் எல்லா இடத்திலும் புகுந்தது

ரசனை மாறியதால் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்துக்கு 2015-க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று வரம்பு வைத்தது. பிறகு அது 95 கிராமுக்கு இறங்கியது. அதை அளக்கும் சோதனைக்கூடத்தில் கார்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும். அப்போது பெரிய இன்ஜின் பாதி மூடிய த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) வழியாகக் காற்றை இழுக்கவே சக்தியை வீணாக்கும். சின்ன இன்ஜினில் அந்த வீண் குறைவு. தேவைப்படும்போது மட்டும் டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும். சோதனைக்குச் சின்ன இன்ஜின், சாலைக்குப் பெரிய இன்ஜின்.

குதிரைத்திறன் எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.6 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜினோடு 136 குதிரைத்திறனும் 160 என்.எம்.-மும் தந்தது. அடுத்து வந்த 1.4 லிட்டர் டர்போ 140 குதிரைத்திறன், 230 என்.எம். சக்தி நான்கு கூடியது, டார்க் எழுபது கூடியது. ஹோண்டா சிவிக் எஸ்ஐ இன்னும் சுவாரசியம். 2.4 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜின் 205 குதிரைத்திறன். 2017-ல் அதற்குப் பதில் வந்த 1.5 லிட்டர் டர்போவும் 205. பட்டியலில் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை. ஓட்டிப் பார்த்தால் இரண்டும் தூரத்துச் சொந்தம் கூட இல்லை. பழையது 7,000 ஆர்பிஎம்மில் உச்சத்தைத் தொட்டது. புதியது 5,700-லேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது, 260 என்.எம். டார்க்கோ 2,100-லிருந்தே தயாராக நின்றது.

இந்த மாதிரி இன்ஜினுக்குப் பழைய வழக்கங்கள் உதவாது. உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக் கோடு வரை இழுத்தால் மேலே எதுவும் இருக்காது, சின்ன டர்போவுக்கு மூச்சு முட்டிவிடும். சீக்கிரமே மாற்ற வேண்டும். கியர்கள் நெருக்கமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் எங்கே விழுந்தாலும் டார்க் காத்திருக்கும். நிறுவனங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. சக்கரத்தைத் திருப்புவது இன்ஜினின் டார்க் அல்ல, அதைக் கியர் விகிதத்தால் பெருக்கி வருவது. டார்க் கூடியதும் கியர்களை நீளமாக்கி எரிபொருள் மிச்சம் பிடித்தால், சக்கரத்துக்குப் போய்ச்சேரும் இழுவையில் லாபம் பாதிதான். 'டார்க் இவ்வளவு கூடியும் அவ்வளவு வேகமாகத் தெரியவில்லையே' என்று தோன்றும் கார்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

டர்போவின் தாமதம் பழைய காலத்து அளவுக்கு இல்லை, ஆனால் போய்விடவும் இல்லை. டர்பைன் சக்கரத்துக்கு எடை இருக்கிறது, புகைக்காற்று அதைச் சுழற்றி வேகமெடுக்க வைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் புகைத் துடிப்பு அடங்குவதற்குள் அடுத்ததன் துடிப்பு வந்து இடிக்கும். இதைத் தவிர்க்க 1, 4-ஆம் சிலிண்டர்களை ஒரு வழியிலும் 2, 3-ஐ இன்னொரு வழியிலும் டர்பைனுக்கு அனுப்பும் ட்வின் ஸ்க்ரோல் அமைப்பு வந்தது. மூன்று சிலிண்டருக்கு அந்தத் தலைவலி இல்லை. 240 டிகிரிக்கு ஒருமுறை துடிப்பு, ஒன்றோடு ஒன்று மோதாது. 200 குதிரைத்திறன் தந்த ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி-யின் 1.5 லிட்டரும், 2020-ல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸின் 1.6 லிட்டரும் மூன்று சிலிண்டர்கள்தான். இரண்டாவது 261 குதிரைத்திறன், 360 என்.எம். லிட்டருக்கு 220 என்.எம்.-க்கு மேல். மூன்று சிலிண்டர் என்றால் மலிவு, அதிர்வு என்று முகம் சுளித்தவர்கள் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

டர்போவில் நான் இன்னும் சமாதானமாகாத விஷயம் வளைவின் நடுவே வருவது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் அழுத்தி காரின் மூக்கைச் சரிசெய்யும் இடத்தில் டர்போ இல்லாத இன்ஜின் கால் சொன்னதை அப்படியே செய்யும். டர்போ இன்ஜின் ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு கேட்டதைவிடச் சற்று அதிகமாகக் கொடுக்கும். நேர்ச்சாலையில் இது யாருக்கும் தெரியாது.

கியர்பாக்ஸ் போடும் வரம்பு

மலிவான ஸ்போர்ட்டி கார் என்பது புதிதாகச் செய்யப்படுவதல்ல, இருப்பதை வைத்துச் சேர்க்கப்படுவது. 1976-இன் முதல் கோல்ஃப் ஜிடிஐ ஆடி 80 ஜிடிஇ-யின் 1.6 லிட்டர் இன்ஜினை இரவல் வாங்கி, 110 குதிரைத்திறனை 800 கிலோவைச் சற்றே தாண்டிய காருக்குள் வைத்தது. கியர்பாக்ஸில் நான்கே கியர்கள். ஐந்தாவது 1979-ல்தான் வந்தது. இன்றும் நிலைமை அதேதான். கியர்பாக்ஸைப் புதிதாக வடிவமைப்பது பெரிய முதலீடு. அதனால் குடும்பக் கார்களுக்குச் செய்ததைத்தான் ஸ்போர்ட்டி காரும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் தாங்குதிறன் இன்ஜினுக்குக் கூரையாகிவிடும்.

ஃபோக்ஸ்வாகனின் போலோ ஜிடிஐ இதை ஒளிவுமறைவு இல்லாமல் காட்டியது. அந்த நிறுவனத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்), டிக்யூ200 என்ற பெயருடையது, 250 என்.எம். வரைதான் தாங்கும். 1.4 லிட்டர் இன்ஜினோடு 2010-ல் வந்த போலோ ஜிடிஐ-யின் டார்க் எவ்வளவு? சரியாக 250. பிறகு 1.8 லிட்டர் டர்போ வந்தபோது மேனுவலும் கிடைத்தது. இரண்டு கியர்பாக்ஸுக்கும் 192 குதிரைத்திறன். ஆனால் மேனுவல் காரில் டார்க் 320 என்.எம்., டிஎஸ்ஜி காரில் அதே 250. இன்ஜின் தயாராகத்தான் இருந்தது. கியர்பாக்ஸ் தாங்காது என்பதற்காகக் கணினி அதன் கையைக் கட்டிவைத்தது. இதிலும் வேடிக்கை, 100 கி.மீ.-க்கு அறிவித்த நேரம் இரண்டுக்கும் 6.7 விநாடி. எழுபது என்.எம். குறைவை டிஎஸ்ஜி தன் வேகமான கியர் மாற்றத்தாலேயே ஈடுகட்டிவிட்டது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் அழுத்திப் பார்ப்பவருக்கு இரண்டும் வேறு.

இரட்டை கிளட்ச் அமைப்பு சாதாரண சாலைக் கார்களுக்கு வந்தது 2003-ல், கோல்ஃப் ஆர்32 வழியாக. ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது பூட்டித் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, இழுவை அறுபடாமல் மாறும். உலர் கிளட்ச் எளிமையானது, சிக்கனமானது, ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூட்டை வெளியேற்ற வழியில்லை. ஆயிலில் மூழ்கிய ஈர கிளட்ச் எடையும் விலையும் கூட, ஆனால் டார்க்கையும் சூட்டையும் தாங்கும். ஹூண்டாய் தன் 'என்' (N) வரிசை ஸ்போர்ட்டி கார்களுக்கு எட்டு கியர் ஈர கிளட்ச் அமைப்பைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. விரட்டி ஓட்டப்படும் காருக்கு உலர் வகை இரட்டை கிளட்ச் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ரெனோ கிளியோ ஆர்எஸ் கதை ஒரு பாடப்புத்தகம். மூன்றாம் தலைமுறையில் 2 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜின், 7,000-க்கு மேல் 200 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 2013-ல் வந்த நான்காம் தலைமுறையில் 1.6 லிட்டர் டர்போ, அதுவும் 200 குதிரைத்திறன், இரட்டை கிளட்ச் மட்டும்தான். மேனுவல் கிடையாது. காகிதத்தில் எல்லாமே மேம்பாடு. விமர்சகர்களும் பழைய ரசிகர்களும் ஒதுங்கிப்போனார்கள். டர்போ வந்தது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. அதே காலத்தில் வந்த ஃபியஸ்டா எஸ்டி-யும் 1.6 லிட்டர் டர்போதான், பட்டியலில் அதைவிடச் சக்தி குறைவு, மேனுவல் மட்டும். அதைக் கொண்டாடினார்கள். ஆக, வேலை செய்யாதது அந்த ஜோடி. கிளியோவின் இரட்டை கிளட்ச் சாதாரணமாக ஓட்டும்போது மென்மையாக இருந்தது. விரட்டும்போது, குறிப்பாக வளைவுக்கு முன் கீழ் கியர் கேட்கும்போது, ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும் கியர் துடுப்பை இழுத்த விரலுக்கும் கியர் விழுவதற்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. சொந்தக் கையால் மாற்றும் வேலையைப் பறித்துக்கொண்டால், அதைவிட நன்றாக மாற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஏன் பறித்தாய் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

ஒற்றை கிளட்சைக் கணினி இயக்கும் அமைப்பு 2000-களில் ஸ்மார்ட் ரோட்ஸ்டர் போன்ற கார்களில் வந்து, ஒவ்வொரு மாற்றத்திலும் தலையை முன்னே ஆட்டவைத்து, இந்த வகைக் கார்களிலிருந்து மறைந்தது. நல்லதுதான். படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி பற்றியும் நீட்ட ஒன்றுமில்லை. அது இன்ஜினை மிகச் சரியான சுழற்சியிலேயே நிறுத்திவைக்கும், ஓட்டுபவர் ரசிக்க எதையும் மிச்சம் வைக்காது.

எதிர்பாராமல் திரும்பி வந்தது பழைய டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் அந்த அமைப்பு வழுக்கும், சோம்பேறி, பெட்ரோல் குடிக்கும் என்ற கெட்ட பெயர் ஒரு காலத்தில் நியாயமானதுதான். இப்போது கிளம்பும் முதல் சில மீட்டர்களுக்கு மட்டும் ஆயில், பிறகு உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு நேரடி இணைப்பு. கிளம்பும் அந்தக் கணத்தில் கன்வெர்ட்டர் டார்க்கைப் பெருக்கியும் தரும், டர்போ விழிக்கும் வரை அது கைகொடுக்கும். எட்டு கியர்கள் இருப்பதால் நெருக்கமும் கிடைக்கும், நெடுஞ்சாலைக்கு நீளமான கியரும் கிடைக்கும். ஜிடி86 ஆறு கியர்களை வைத்துத் திண்டாடிய சிக்கல் இப்படித் தீர்ந்தது. மேனுவலோடு மட்டும் பிறந்த ஜிஆர் யாரிஸுக்கு 2024-ல் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தது, ராலியில் ஓட்டிப் பார்த்துத் தேற்றியபின். நெரிசலில் தினமும் ஓட்ட வேண்டியவருக்கு டர்போவும் இந்த வகை ஆட்டோமேட்டிக்கும்தான் இன்றைக்கு மிகப் பொருத்தமான ஜோடி என்பேன்.

மேனுவல் யாரால் மறைகிறது

வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது பாதி உண்மை. 2017-லிருந்து ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி என்ற எரிபொருள், புகைச் சோதனை முறையில் இன்ஜின், கியர்பாக்ஸ், டயர், கூடுதல் வசதிகள் என ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிக் கணக்கு காட்ட வேண்டும். குறைவாக விற்கும் சேர்க்கையைச் சான்றளிக்கச் செலவழிப்பதைவிட அதை நீக்கிவிடுவது எளிது. மேனுவலில் ஓட்டுபவர் எந்தச் சுழற்சியில் மாற்றுவார் என்பதும் நிறுவனத்தின் கையில் இல்லை. ஆட்டோமேட்டிக்கைச் சோதனைக்கு ஏற்றபடி பழக்கலாம், மனிதரைப் பழக்க முடியாது. மேனுவலோடு பிறந்த கோல்ஃப் ஜிடிஐ 2024-இன் மாற்றத்தோடு டிஎஸ்ஜி மட்டுமே என்றானது.

மேனுவல் மிச்சமிருக்கும் கார்களிலும் அது பழைய மேனுவல் இல்லை. கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் சுழற்சி உடனே இறங்காமல் தொங்கி நிற்பதைப் பல புதிய கார்களில் பார்க்கலாம். த்ராட்டில் சட்டென்று மூடினால் எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும், அதைத் தடுக்கக் கணினி மெல்ல மூடுகிறது. இன்ஜின் சுழற்சியைச் சீராக வைத்திருக்கும் சக்கரமான ஃப்ளைவீலின் கூடிய எடையும் சேர்ந்துகொள்ளும். விரைவாக மாற்ற நினைக்கும் காலுக்கும் கைக்கும் இது முட்டுக்கட்டை.

முன்சக்கர இழுவைக் கார்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 300 என்.எம்.-ஐ முதல் கியரில் அப்படியே அவிழ்த்துவிட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், உள்பக்கச் சக்கரம் வழுக்கிப் புகையும். அதனால் கீழ் கியர்களில் டார்க்கைக் கணினி அளந்துதான் கொடுக்கும், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இருந்தால் கொஞ்சம் தாராளமாக. ஃபியஸ்டா எஸ்டி-யில் அது கூடுதல் விருப்பமாகக் கிடைத்தது. அதற்குச் செலவழித்தவர்கள் பெரிய சக்கரங்களுக்குச் செலவழித்தவர்களைவிடப் புத்திசாலிகள்.

ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் நேர்ச்சாலையில் முழு வேகத்தை முயல்வதில் பெரிதாக எதுவும் தெரியாது. மூன்றாவது கியரில் 2,000-லிருந்து மெதுவாக அழுத்தி இழுவை எங்கே எழுகிறது, எங்கே சோர்கிறது என்று பாருங்கள். இரண்டாவது கியரில் ஒரு இறுக்கமான வளைவை எடுத்து, வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டருக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று கவனியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக் பிடித்துக்கொண்டே இரண்டு கியர் கீழே கேளுங்கள். ஒன்று மட்டும் தந்துவிட்டு யோசித்தால் அந்தக் கியர்பாக்ஸ் இந்த வேலைக்குச் செய்ததல்ல.

மின்சாரம் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. மின் மோட்டார் பூஜ்யத்திலிருந்தே முழு டார்க் தரும், கியரே வேண்டாம். ஹோண்டா 2010-ல் சிஆர்-இசட் என்ற ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த) காருக்கு ஆறு கியர் மேனுவலை உண்மையாகவே கொடுத்துப் பார்த்தது. அதிக வேகமில்லாத கார், ஒரு தலைமுறையோடு நின்றுபோனது. 2025-இல் அதே நிறுவனம் புதிய ப்ரெலூட் ஹைப்ரிட்டில் வேறு வழியில் போயிருக்கிறது. அதில் வழக்கமான கியர்பாக்ஸே இல்லை. எஸ் பிளஸ் ஷிஃப்ட் என்ற பொத்தானை அழுத்தினால் எட்டு கியர்கள் மாறுவதுபோலக் கணினி நடிக்கும்: சுழற்சி ஏறும், விழும், துடுப்பை இழுத்தால் ஒரு உதைப்பும் கிடைக்கும். தேவையே இல்லாத இடைவெளிகளைப் பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். விகிதம் வெறும் மென்பொருள் என்றால் இனி அதை எரிபொருள் சோதனைக்காக நீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவது கியரை 80 கி.மீ.-யிலேயே முடித்துக்கொள்ளும் நெருக்கமான விகிதங்களை அடுத்து யாராவது நடித்துக் காட்டினால் நான் முதல் ஆளாகப் போய் ஓட்டிப் பார்ப்பேன்.